கெமோமில் விதை போட்டா மேல மண்ணு மூடணுமா வேணாமா? வளர்த்தவங்க யாராச்சும் சொல்லுங்க

துளிர்:
வணக்கம். கெமோமில் டீ தினமும் குடிக்கிற ஆள் நான், சரி இதையே வீட்ல வளர்த்துப் பாக்கலாமேன்னு விதை வாங்கிட்டேன். பாக்கெட்டைப் பிரிச்சா விதையா தூசியான்னே தெரியல, தும்மினா மொத்தமும் போயிடும் போல இருக்கு. பாக்கெட் மேல கெமோமில்னு பேரு, ஒரு பூ படம், அவ்ளோதான். எவ்ளோ ஆழம், எப்ப போடணும், எவ்ளோ இடைவெளி, எதுவும் கிடையாது.

வீடியோ பாத்தா இன்னும் குழப்பம். ஒருத்தர் மேல லேசா மண்ணு தூவுங்கன்றாரு, இன்னொருத்தர் மண்ணே படக்கூடாதுன்றாரு, மூணாவது ஒருத்தங்க ராத்திரி பூரா தண்ணில ஊற வைங்கன்றாங்க, இதை ஊற வெச்சா திரும்ப எப்படிங்க எடுக்கிறது வடிகட்டிலயே நிக்காதே.

என்கிட்ட கொஞ்சம் தொட்டி இருக்கு, ஒரு ஓரமா மண் தரையும் இருக்கு, ரெண்டுலயும் காலை வெயில் நல்லா விழும், மதியத்துக்கு மேல நிழல். ட்ரேல போட்டு நாத்து எடுத்து நடுறதா இல்ல நேரா தரையில தூவுறதா? மண்ணுக்கு என்ன உரம் கலக்கணும்? இன்னும் விதைக்கல, நீங்க சொல்றதைப் பாத்துட்டுதான் கை வைக்கப் போறேன்.

களைக்கொத்தி:
மூடாதீங்க. இதுல மட்டும் ரெண்டாவது கருத்தே கிடையாது. கெமோமில் முளைக்க வெளிச்சம் வேணும். அவ்ளோ குட்டி விதைக்குள்ள சேர்த்து வெச்சிருக்கிற சத்து ரொம்பக் கொஞ்சம், ஆழத்துல முளைச்சா மேல வந்து சேர்றதுக்குள்ள அது தீந்து போயிடும், அதனால வெளிச்சம் பட்டாதான் முளைக்கிறதுன்னு விதையே ஒரு கணக்கு வெச்சிருக்கு. ஒரு கிராம்ல 10,000 விதைக்கு மேல இருக்கும்னா சைஸைப் பாத்துக்கோங்க. ஊற வைக்கிறதெல்லாம் அவரை, பூசணி மாதிரி கெட்டித் தோல் விதைக்கு, இதுக்கு வேணவே வேணாம்.

நான் பண்றது இப்படி. மண்ணை நல்லா பொடியாக்கி சமமா தட்டி முதல்லயே தண்ணி விட்டு ஊற விட்டுடுவேன், விதை போட்டப்புறம் இல்ல, அதுக்கு முன்னாடி. அப்புறம் ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி காஞ்ச மணலோட கலந்து தூவுவேன், மணல் வெள்ளையா தெரியிறதால எங்க விழுந்துச்சு எங்க விழலைன்னு கண்ணுக்குத் தெரியும், ஒரே இடத்துல குவியாது. தூவிட்டு ஒரு பலகையோ உள்ளங்கையோ வெச்சு லேசா அமுக்கிடுங்க, விதை ஈர மண்ணோட ஒட்டணும் ஆனா புதையக் கூடாது. அதுக்கப்புறம் ஸ்ப்ரே பாட்டில்தான், பூவாளியை எடுத்தீங்கன்னா விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும்.

15லருந்து 20 டிகிரி வெப்பம் இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல பச்சை தெரியும். அது வரைக்கும் மேல் மண்ணு காயவே கூடாது, விதை மேலயே கிடக்குதில்லையா, ஒரு மதியம் நல்லா காஞ்சாலும் முளைக்க ஆரம்பிச்சது செத்துடும்.

உரம் ஒண்ணும் போடாதீங்க. நிஜமா. இது வறட்டு மண்ணுல ரோட்டோரத்துல தானா வர்ற செடி. தண்ணி தேங்காம இருந்தா போதும்.

அப்புறம் ட்ரே எல்லாம் எதுக்கு, நேரா தரையிலயே தூவுங்க. முளைச்சு கொஞ்சம் வந்ததும் ஒரு சாண் இடைவெளி விட்டு மிச்சத்தைக் கலைச்சிடுங்க.

சும்மா_ஒருத்தன்:
நானும் இதே பாக்கெட்தான் வெச்சிருக்கேன் போல 😅 ஃபாலோ பண்றேன்

மண்வாசம்:
துளிர், விதைக்கிறதுக்கு முன்னாடி அது எந்த கெமோமில்னு தெரிஞ்சுக்கப் பாருங்க, ஏன்னா இந்தப் பேர்ல ரெண்டு வேற வேற செடி இருக்கு, ரெண்டும் ஒரே ஜாதி கூட கிடையாது. பாக்கெட் பின்னாடி குட்டி எழுத்துல தாவரவியல் பேரு இருக்கான்னு பாருங்க.

மெட்ரிகேரியான்னு ஆரம்பிச்சா அது ஜெர்மன் கெமோமில். ஒரே சீசன் செடி, ஒண்ணரை ரெண்டு அடி நிமிர்ந்து வளரும், கொத்துக் கொத்தா பூக்கும், பூத்து விதை விட்டு செத்துடும். கடையில வர்ற டீ பெரும்பாலும் இதோட பூதான். கெமமெலம் நோபிலேன்னு இருந்தா ரோமன் கெமோமில். அது பல வருஷம் இருக்கிற செடி, தரையோட படர்ந்து தண்டு மண்ணைத் தொடுற இடத்துல எல்லாம் வேர் விடும், பூ கம்மிதான், விதையில இருந்து வந்தா முதல் வருஷம் பெருசா எதிர்பாக்க வேணாம். புல்தரைக்குப் பதிலா கெமோமில் போடுறாங்களே அது இந்த ரோமன்லயே ட்ரெனீக்னு பூக்காத ஒரு ரகம், அதை விதையில இருந்து எடுக்கவே முடியாது, செடியைப் பிரிச்சு நட்டாதான் உண்டு. ட்ரெனீக் விதைன்னு யாராச்சும் வித்தா வாங்காதீங்க.

பேரு எதுவும் இல்லன்னா பூத்தப்புறம் பாத்துக்கலாம். நடுவுல இருக்கிற மஞ்சள் குமிழை நகத்தால நெடுக்கா கீறிப் பாருங்க. உள்ள காலியா இருந்தா ஜெர்மன், கெட்டியா நிரம்பியிருந்தா ரோமன். இதைவிட சுலபமான அடையாளம் கிடையாது. நீங்க டீக்குதான்றதால ஜெர்மனா இருக்கணும்னு வேண்டிக்கோங்க 🙂

பூவாளி:
களைக்கொத்தி சொன்னதுல முக்கால்வாசி சரி, அந்த ட்ரே மேட்டர் தவிர. என் பேரையே வில்லனாக்கிட்டீங்க அதுவும் இருக்கட்டும்.

நேரா தரையில தூவுறது நல்லா களை எடுத்த சுத்தமான பாத்தி வெச்சிருக்கிறவங்களுக்கு சரி. முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு எது கெமோமில் எது களைன்னே தெரியாதுங்க. முதல்ல வர்ற வித்திலை ரெண்டும் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், அதுக்கப்புறம் வர்ற இலைதான் பிசிறு பிசிறா பிரிஞ்சு கெமோமில்னு காட்டும், அதுவரைக்கும் கூட முளைச்ச களையை எல்லாம் பாசமா வளர்ப்பாங்க, கெமோமிலைப் பிடுங்கிப் போடுவாங்க. நடுவுல ஒரு மழை அடிச்சா மேலயே கிடக்கிற விதை எங்க போச்சுன்னே தெரியாது.

ட்ரேல கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பொடி மண்ணும் கலந்து போட்டு, கீழ இருந்து தண்ணி குடிக்க விடுங்க, அதாவது ஒரு தட்டுல தண்ணி ஊத்தி ட்ரேயை அதுல வெச்சா அடி ஓட்டை வழியா மண்ணு உறிஞ்சிக்கும், மேல ஈரம் தெரிஞ்சதும் எடுத்துடணும். விதை நகரவே நகராது. ஒரு குழிக்கு அஞ்சாறு விதை விழுந்தாலும் பரவால்ல, கெமோமில் நாலஞ்சு சேந்தாப்புல ஒரே கொத்தா வளர்ந்தாலும் கோவிச்சுக்காது. பிசிறு இலை ரெண்டு மூணு ஜோடி வந்ததும் அந்த மண்ணுக்கட்டி அப்படியே உடையாம எடுத்து நட்டுடணும். இதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது, பெருசாகி வேர் சுத்திக்கிச்சுன்னா மாத்தி நட்டதும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கும், குட்டையா இருக்கும்போதே அவசரமா ரெண்டு பூ விட்டு முடிச்சுக்கும்.

களைக்கொத்தி:
பூவாளி, களை விஷயம் ஒத்துக்கிறேன். அதுக்கும் வழி இருக்கு, பாத்திக்கு தண்ணி விட்டு ரெண்டு வாரம் சும்மா போட்டு வெச்சா களை எல்லாம் முதல்ல முளைச்சிடும், அதை மேலாப்புல சுரண்டிட்டு அப்புறம் தூவலாம், ஆழமா கொத்தினா அடுத்த செட் களை மேல வந்துடும் அது வேற கதை. துளிர், உங்களுக்கு ரெண்டு இடமும் இருக்கில்ல, விதையும் எக்கச்சக்கமா இருக்கு, பாதியை ட்ரேல போடுங்க பாதியை தரையில தூவுங்க. எது நல்லா வருதுன்னு பாத்து எங்க சண்டையை தீத்து வைங்க.

துளிர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி 🙏 பாக்கெட் மடிப்புக்குள்ள மெட்ரிகேரியான்னு இருக்கு மண்வாசம், அப்ப ஜெர்மன்தானே. ரெண்டு விதமாவும் போட்டுப் பாக்குறேன்.

இன்னொண்ணு எந்த சீசன்னு யாரும் சொல்லலையே, நான் இருக்கிறது நல்லா வெயில் அடிக்கிற ஊர்.

மண்வாசம்:
இது குளிர் பிடிச்ச செடி, ஆனா ரொம்ப கடுங்குளிர் இருக்கிற நாடுகள்ல உறைபனி முடியிற சமயமா போடுவாங்க, வெயில் ஊர்ல அப்படியே தலைகீழா வெயில் இறங்க ஆரம்பிச்சதும் போடணும். கணக்கு என்னன்னா விதைச்சதுல இருந்து பூக்க ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அதுக்கப்புறம் சில வாரம் பூ பறிக்கணும், இது எல்லாம் அடுத்த கோடை வர்றதுக்குள்ள முடியணும். பகல் சூடு 30 டிகிரியைத் தாண்டி நிக்க ஆரம்பிச்சா பூ சிறுத்துடும், செடி சீக்கிரம் விதைக்குப் போயிடும். காலை வெயில் மதியம் நிழல்னீங்களே, வெயில் ஊருக்கு அது நல்ல இடம், மாத்தாதீங்க.

துளிர்:
அப்டேட்! ரெண்டு இடத்துலயும் முளைச்சிடுச்சு. தரையில போட்டது குட்டையா பச்சையா தரையோட ஒட்டிக் கிடக்கு, வளர்ற மாதிரியே தெரியல. ட்ரேல போட்டது (வீட்டுக்குள்ள ஜன்னல் கிட்ட வெச்சிருந்தேன்) உசரமா வெளுத்துப் போய் ஜன்னல் பக்கமா சாஞ்சிருக்கு, அதுல ஒரு மூலைல மட்டும் அஞ்சாறு நாத்து அடியில கறுத்து மடிஞ்சு விழுந்து கிடக்கு. தண்ணி பத்தலையா? கொஞ்சம் உரத்தண்ணி ஊத்தலாமா?

பூவாளி:
ஐயோ உரமும் வேணாம் கூட தண்ணியும் வேணாம். நீங்க சொல்றது ரெண்டு தனித்தனி பிரச்சனை, ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க.

உசரமா வெளுத்து சாயுறது வெளிச்சம் பத்தாம. ஜன்னல் வெளிச்சம் நம்ம கண்ணுக்கு நிறைய மாதிரி இருக்கும், நாத்துக்கு அது பாதி இருட்டு. வெளிய வைங்க, ஆனா முதல் நாளே முழு வெயில்ல வெச்சா வதங்கிடும், நிழல்ல ஆரம்பிச்சு தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெயில்ல கூட்டிட்டு போங்க. காத்து பட்டா தண்டும் கெட்டியாகும். வெளியில மெல்லிசா நிக்க முடியாம ஆடுறதுக்கு அடியில ஒரு சிட்டிகை மண்ணு அணைச்சு விடலாம், இப்ப முளைச்சாச்சே இனிமே மண்ணு பட்டா ஒண்ணுமில்ல.

அடி கறுத்து மடியிறது நாத்தழுகல். பூஞ்சை சமாச்சாரம், மண்ணு சொதசொதன்னு இருந்து காத்தோட்டமும் இல்லாம நெருக்கமா நாத்து நின்னா வரும். விழுந்தது பிழைக்காது, அந்த மூலையை மண்ணோட சேர்த்து கரண்டியால அள்ளி வெளிய போட்டுடுங்க, பக்கத்துல இருக்கிறதுக்குப் பரவுறதுக்குள்ள. மிச்சத்துல நெருக்கமா இருக்கிறதைக் கத்தரிக்கோலால வெட்டிக் கலைங்க, பிடுங்கினா பக்கத்து வேரும் சேந்து வரும். மேல் மண்ணு காஞ்ச மாதிரி ஆனப்புறம் மட்டும் கீழத் தட்டுல தண்ணி. முளைக்கிற வரைக்கும் காயக்கூடாது, முளைச்சப்புறம் மேலாப்புல காயணும், இந்த மாத்தம் நிறைய பேருக்குத் தெரியாது, முதல் நாள் மாதிரியே ஸ்ப்ரே அடிச்சிட்டே இருப்பாங்க.

தரையில இருக்கிறது வளரலைன்னு கவலைப்படாதீங்க, முதல் சில வாரம் அப்படித்தான் தரையோட கிடக்கும், கீழ வேர் விட்டுட்டிருக்கும், அப்புறம் திடீர்னு எந்திரிக்கும்.

களைக்கொத்தி:
தரை 1, ட்ரே 0 😎

பூவாளி:
இன்னும் பூக்கல, பொறுங்க.

தேன்சிட்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என் கெமோமில் முழங்கால் உசரம் வந்து புதர் மாதிரி இலையா நிக்குது, பூவே இல்ல, காத்தடிச்சா மொத்தமா சாஞ்சுடுது. மாட்டெருவும் மண்புழு உரமும் நல்லாவே போட்டிருக்கேன், வெயிலும் இருக்கு. என்ன குறை?

களைக்கொத்தி:
குறை ஒண்ணுமில்ல, கூடத்தான் ஆயிடுச்சு. தழைச்சத்து அதிகமானா இலையும் தண்டும் தளதளன்னு வரும், பூ தள்ளிப் போகும், தண்டு தண்ணி கோத்து மெல்லிசா இருக்கிறதால நிக்காம சாயும். அந்த தளதள நுனிக்கு அசுவினியும் (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) ஓடி வரும், இலை நுனியைத் திருப்பிப் பாருங்க இந்நேரம் வந்திருக்கும். இனிமே எந்த உரமும் போடாதீங்க, தண்ணியைக் குறைங்க, ரெண்டு குச்சி நட்டு ஒரு கயிறு சுத்தி விடுங்க. மொட்டு வந்துடும், கொஞ்சம் லேட்டாகும் அவ்ளோதான். அசுவினி இருந்தா முதல்ல வெறும் தண்ணியை வேகமா அடிச்சுப் பாருங்க, குடிக்கப் போற பூ மேல மருந்து எதுவும் அடிக்காதீங்க. பொறிவண்டு கண்ணுல பட்டா அதுபாட்டுக்கு விட்டுடுங்க, அது பாத்துக்கும்.

தேன்சிட்டு:
திருப்பிப் பாத்தேன். குடும்பமா இருக்கு 😭 தண்ணி அடிச்சிட்டு சொல்றேன்.

துளிர்:
பூத்தாச்சு!! ரெண்டுலயும்!! தரைதான் முந்திக்கிச்சு, ஆனா ட்ரே செடில செத்தது போக மிச்சம் எல்லாம் தேறி இப்ப அதே அளவு நிக்குது, அதனால உங்க சண்டைல நான் தலையிடல. குமிழைக் கீறிப் பாத்தேன், உள்ள காலி. இலையை விட பூவைக் கசக்கினாதான் அந்த ஆப்பிள் வாசம் தூக்கலா வருது. இப்ப எப்ப பறிக்கிறது, முழுசா விரிஞ்சதா பாதி விரிஞ்சதா? காய வைக்க வெயில்ல போடலாமா?

மண்வாசம்:
வாழ்த்துக்கள் 🎉 வெள்ளை இதழைப் பாருங்க, அதுவே சொல்லும். மொட்டு விரியும்போது இதழ் மேல் நோக்கி இருக்கும், அப்புறம் தட்டையா படுக்கும், அப்புறம் கீழ் நோக்கி மடங்கும், நடு மஞ்சளும் அதுக்கேத்த மாதிரி தட்டையா இருந்து கூம்பா எழும்பும். இதழ் தட்டையா இருக்கிற கட்டத்துல பறிக்கணும். கீழ மடங்கினது வயசானது, வாசம் குறைஞ்சிருக்கும், காய வெச்சா மஞ்சள் பொடிப்பொடியா உதிர்ந்துடும். எல்லாப் பூவும் ஒரே நாள்ல அந்தக் கட்டத்துக்கு வராது, அதனால ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை போய் அப்பப்ப பறிச்சுட்டே இருக்கணும், பறிக்கப் பறிக்கத்தான் அடுத்த மொட்டு வரும். காலைல பனி காஞ்சப்புறம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. விரலை அகலமா வெச்சு பூவுக்கு அடியில சீப்பாட்டம் கொடுத்து மேல இழுத்தா தலை மட்டும் கையில வரும், காம்பு வேணாம்.

வெயில்ல போடாதீங்க, வாசம் தர்ற எண்ணெய் எல்லாம் பறந்துடும். நிழல்ல காத்தோட்டமா ஒரு துணி மேல ஒத்தை அடுக்கா பரப்புங்க, முதல்ல குட்டிப் பூச்சி எல்லாம் வெளிய வந்து ஓடும், ஓடட்டும். டிரையர் வெச்சிருந்தா 35 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க. நடுக்குமிழை நசுக்கினா ஈரமில்லாம உதிரணும், இதழ் காஞ்சாலும் குமிழ் உள்ள ஈரம் நிக்கும், அப்படியே டப்பாவுல போட்டா பூசணம்தான். எடை நிறைய இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, பச்சையில அஞ்சு பங்கு இருந்தா காஞ்சது ஒரு பங்குதான் மிஞ்சும்.

சும்மா ஒரு தகவல், கெமோமில் எண்ணெய் ஆழ்ந்த நீல நிறத்துல இருக்கும் பாத்திருக்கீங்களா? பூவுல அந்த நீலமே கிடையாது. பூவுல இருக்கிறது மெட்ரிசின், அதுக்கு நிறம் இல்ல, ஆவியில வடிக்கும்போது சூட்டுல அது கமாசுலீனா மாறுது, அதான் நீலம். டீயில அது வராது, வெளிர் மஞ்சளாதான் இருக்கும்.

மாத்திரை_டப்பா:
வளர்க்கிறதைப் பத்தி எனக்குத் தெரியாது, குடிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. கெமோமில் சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம் எல்லாம் இருக்கிற குடும்பம். அந்தச் செடிங்க மகரந்தம் பட்டா தும்மல் அரிப்பு வர்றவங்க இதுலயும் ஜாக்கிரதையா இருக்கணும், பறிக்கும்போதே கை அரிச்சா குடிக்க வேணாம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தினமும் குடிக்காதீங்க. வீட்ல வளர்த்ததுன்றதால இதெல்லாம் மாறாது.

இன்னொண்ணு, தானா முளைச்சு அதே மாதிரி பூத்து நிக்கிற செடியை கெமோமில்னு நினைச்சுப் பறிச்சிடாதீங்க. அதே வெள்ளை இதழ் மஞ்சள் நடுவோட ஆந்தெமிஸ் கொட்டுலான்னு ஒண்ணு இருக்கு, கசக்கினா நாறும், கையில பட்டா சிலருக்கு கொப்புளமே வரும். ஆப்பிள் வாசம் இல்லன்னா தொடாதீங்க.

துளிர்:
நல்ல வேளை சொன்னீங்க, எங்கம்மா வார்ஃபரின் சாப்பிடுறாங்க, அவங்களுக்கும் கொடுக்கலாம்னுதான் இருந்தேன். டாக்டரைக் கேட்டுட்டு பாக்குறேன்.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. அடுத்த சீசனுக்கு விதை எடுக்கணும்னா என்ன பண்ணணும்?

களைக்கொத்தி:
நல்லா பூத்த ரெண்டு செடியைப் பறிக்காம விட்டுடுங்க. இதழ் உதிர்ந்து குமிழ் பழுப்பாகி தொட்டா உதிர்ற பதத்துல தலையை ஒரு காகிதப் பைக்குள்ள வெட்டிப் போட்டு, சில நாள் காய விட்டு, கசக்கி சலிச்சா விதை. ஈரமில்லாத குளிர்ச்சியான இடத்துல மூடி வைங்க. ஆனா தரையில இருக்கிற செடிக்கு இவ்ளோ கூட தேவையில்ல, அதுவே கொட்டி அதுவே முளைக்கும். ஒரு எச்சரிக்கை, பாத்தி ஓரத்துல வயலோ அடுத்தவங்க தோட்டமோ இருந்தா எல்லாத்தையும் விதைக்கு விடாதீங்க, பரவினா நிறுத்துறது கஷ்டம், சில நாடுகள்ல இது கோதுமை வயல் களைங்க.

சும்மா_ஒருத்தன்:
என் பாக்கெட்டைத் தேடிப் பிடிச்சு பாத்தேன், கெமமெலம் நோபிலேன்னு போட்டிருக்கு. அப்ப எனக்கு டீ கிடையாதா?

மண்வாசம்:
உண்டு உண்டு, அதோட பூவையும் டீ போடுவாங்க, கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். விதைக்கிற முறை இதேதான், மேல மண்ணு மூடாதீங்க. செடிக்கு செடி ஒரு அடி விடுங்க, படரும்.